பூட்டிய வீடும் பாடும் கூடமும்

“காசியில் பாதி கல்பாத்தி” என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. காசிக்குப் போக வசதியில்லாதவர்கள் பாலக்காட்டுக் கல்பாத்திக்கு வந்து, ஆற்றில் முழுகி, விசுவநாத சுவாமியைத் தரிசித்தால் பாதிப் புண்ணியமாவது கிட்டும் என்பது அதன் கருத்து. “மீதிப் பாதிக்கு என்ன செய்வது?” என்று சிறு வயதில் பாட்டியைக் கேட்டேன். “அதுக்குத்தான் சங்கீதம் இருக்கே” என்று சொல்லிவிட்டுப் பாட்டி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தப் பாட்டி வாழ்ந்த வீடு ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைப் போலப் பூட்டிக் கிடக்கும் கிராமத்து வீடுகளைக் கலைஞர்கள் கூடித் தொழில் செய்யும் பொது இடங்களாக மாற்ற முடியுமா, முடியுமானால் எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் கட்டடக் கலை பயின்றவன் அல்லன், பௌதிக மாணவன். பிறந்து வளர்ந்தது மும்பைச் செம்பூரில். கல்பாத்தியை நான் அறிந்ததெல்லாம் கோடை விடுமுறைகளிலும் தேர்த் திருவிழாக்களிலுந்தான். ஆகையால் உள்ளூர்க்காரரின் உரிமையோடு பேச எனக்கு வாயில்லை. ஆனால் ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளாகிய நாங்கள்தாம் இன்று அந்தப் பூட்டுகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள். அதனால் பேசாதிருக்கவும் வழியில்லை.

கல்பாத்தியை அறியாத நண்பர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். பாலக்காட்டு நகரத்தை ஒட்டிக் கல்பாத்தி ஆறு ஓடுகிறது. பின்னர் பறளியில் சிற்றூர்ப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகும் ஆறு இதுதான். ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில். 1425-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது என்றும், இலட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் ஒருவர் காசியிலிருந்து இலிங்கம் கொண்டு வந்தார் என்றும் ஊர் வரலாறு கூறுகிறது. தெரு மட்டத்திலிருந்து படியிறங்கிப் போகவேண்டிய பள்ளத்தில் இருப்பதால் ‘குண்டுக்குள் கோயில்’ என்று செல்லப் பெயர். கோயிலைத் தொட்டுப் பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் ஆகிய கிராமங்கள். பெயர்தான் கிராமம், உண்மையில் ஒவ்வொன்றும் நெடுந்தெரு. பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கணவாய் வழியே வந்து குடியேறியவர்களின் தெருக்கள். ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பர் நடுவில், இத்தெருக்களின் தேர்கள் புறப்பட்டுத் தேர்முட்டியில் சந்திக்கும். முன்னால் மக்கள் வடம் பிடிக்க, பின்னால் யானை நெற்றியால் முட்டித் தள்ளும். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. பாராதவர்களுக்கு வருணித்துப் பயனில்லை.

வீடுகளின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றங்கரை, கொல்லை என்று வீடு முன்னிருந்து பின்னாக நீண்டு போகும். அகலமோ மிகக் குறைவு. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். ஒரு சுவருக்கு இரண்டு எஜமானர்கள்! கூரையும் அப்படியே, ரயில் வண்டித் தொடர்போல, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டு ஓடு சரிந்தால் பக்கத்து வீட்டுக் கூடத்தில் மழை பெய்யும். எனவே ஒரு வீடு பூட்டிக் கிடப்பது அந்த ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமன்று. அதை வாங்கியவர் இடித்துவிட்டாலோ, இரு பக்கத்து வீடுகளின் நிலையும் பல் பிடுங்கிய ஈறு போலாகிவிடும்.

கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமம் என்று கேரள அரசு அறிவித்திருப்பது உண்மைதான். அறிவிப்பு இடிப்பவரைத் தடுக்கலாம், மழையைத் தடுக்குமா?

வீடு எப்படிச் சாகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஓடு சரிவது பெரிய நிகழ்ச்சி அன்று. பூனை ஓடினாலும் சரியும், காற்றடித்தாலும் சரியும். பாலக்காட்டில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை விட்டிருக்கும் வாசல் அது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் கீழைக்காற்று அதன் வழியே வறண்டு வீசும். ஜூன் பிறந்தால் எதிர்த் திசையிலிருந்து மழைக்காற்று. மரம் வறட்சியில் சுருங்கி, ஈரத்தில் பருத்து, ஆண்டுக்கு ஒருமுறை இந்த நடனத்தை ஆடிக்கொண்டேயிருக்கும். ஆணிகள் தளர்ந்து, ரீப்பர் சற்றே விலகி, ஓர் ஓடு நழுவும். ஆள் இருக்கும் வீட்டில் அன்று இரவே பாட்டி ஒரு பாத்திரத்தைக் கீழே வைப்பாள்; மறுநாள் ஓடு மாற்றுகிறவன் வருவான். ஆள் இல்லாத வீட்டில் அந்தச் சொட்டு நான்கு மாதம் ஒரே இடத்தில் விழும். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் ஏறிவிட்டால் உளுக்கச் செய்யும் காளான்கள் குடிபுகுகின்றன. பின்னாலேயே கரையான். கைமரத்தின் மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே மாவாகிவிடும்.

சென்ற ஆண்டுத் தேருக்குப் போயிருந்தபோது, வயது முதிர்ந்த ஆசாரி ஒருவரை அழைத்துக்கொண்டு மச்சில் ஏறினேன். அவர் கையிலே ஒரு திருப்புளி. வரிசையாக ஒவ்வொரு கைமரத்தையும் குத்திக்கொண்டே போனார். நல்ல மரமானால் ‘டொக்’ என்று ஒலி; கெட்டதானால் திருப்புளி சத்தமின்றி உள்ளே போய்விடும். எழுபத்திரண்டு கைமரங்களில் பதினொன்று கெட்டவை. “மற்றதெல்லாம் பலாவும் தேக்கும். உங்களுக்கும் எனக்கும் பின்னாலும் இருக்கும்” என்றார். எல்லாம் போயிற்று என்றுதான் குடும்பத்தில் பேச்சு. பதினொன்றுதான் போயிற்று என்பது அன்று வரையில் யாருக்கும் தெரியாது, யாரும் குத்திப் பார்க்கவில்லையாதலால்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரிவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் விட்டு நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரிவாயுவை மெள்ள மெள்ளத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை இது. அவ்வாறு இறுகிய பூச்சில் நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அத்துளைகள் வழியே வெயில் நேரத்தில் வெளியேறிவிடும். இந்தச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏற்றினால் பார்வைக்கு அழகுதான். ஆனால் ஈரம் வெளியே வர வழியின்றி உள்ளேயே தேங்கி, இரண்டு மழைக்காலத்தில் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். நல்லெண்ணத்தால் கெட்ட வீடுகள் கவனிப்பின்மையால் கெட்ட வீடுகளுக்குக் குறைந்தவை அல்ல. பழைய வீட்டைக் கலைக்கூடமாக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது கூரையைப் பார்ப்பது. இரண்டாவது சிமெண்டு மூட்டையை வாசலிலேயே நிறுத்துவது.

இதையெல்லாம் எதிர்வீட்டு மாமியிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மாமிக்கு வயது எண்பதுக்கு மேல். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆத்துக்கு வேண்டியது பெயின்டும் இல்லை, உன் விஞ்ஞானமும் இல்லையாக்கும், கொழந்தே. அடுப்பாக்கும் வேண்டியது” என்றாள். நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அடுப்பெரிந்தால் மனிதர் இருக்கிறார் என்று பொருள். மனிதர் இருந்தால் சொட்டு கண்ணில் படும்.

ஆகவே கேள்வி இதுதான்: குடும்பம் திரும்பி வரப் போவதில்லை என்று தெரிந்த பின் அடுப்பெரிக்க யாரை அழைப்பது?

கலைஞர்களை அழைக்கலாம் என்பதற்கு வெளியூர் தேடிப் போக வேண்டியதில்லை. பாலக்காட்டிலிருந்து பெருவெம்பு செல்லும் வழியில், கிணாசேரிக்கு அருகே, தஸ்ராக் என்ற சிற்றூர் இருக்கிறது. மலையாள எழுத்தாளரும் கேலிச்சித்திரக்காரருமான ஓ. வி. விஜயன் (1930–2005) 1956-ல் அவ்வூரில் தங்கியிருந்தார். அவர் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியையாக வந்திருந்தார். தங்கிய இடம் வயலோரத்து ‘ஞாற்றுப்புரை’. ‘ஞாறு’ என்பது நம் ‘நாற்று’தான், வேளாண்மைக் காலத்தில் வயலைப் பார்த்துக்கொள்ளவும் பொருள்களை வைக்கவும் உதவிய ஓட்டு வீடு. அந்த ஊரும் அந்தப் புரையும் அரபிக்குளமும் பள்ளிவாசலும் ‘கஸாக்கின் இதிகாசம்’ என்ற நாவலாக மாறின. 1968-ல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969-ல் நூலானது. பின்னாளில் அந்த ஞாற்றுப்புரையைப் பழுது பார்த்து விஜயன் நினைவகமாக்கினார்கள். உள்ளே அவருடைய கேலிச்சித்திரங்கள். தோட்டத்திலே நாவலின் பாத்திரங்கள் கற்சிற்பங்களாக. ஆண்டுதோறும் எழுத்தாளர்கள் கூடுகிறார்கள்.

நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். என்னைக் கவர்ந்தது சிற்பங்களைக் காட்டிலும் அந்தக் கட்டடத்தின் எளிமைதான். அரண்மனை அன்று, மாளிகை அன்று, வயல் வேலைக்கென்று எழுந்த வீடு. ஓர் எழுத்தாளரின் பெயர் இல்லாதிருந்தால் யாரும் அதைக் காப்பாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். இந்த ‘பெயர் இருந்தால்தான்’ என்பது என் மனத்தை உறுத்திற்று. அதே பாலக்காட்டு மாவட்டத்தில், லக்கிடியை அடுத்த கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில், ஓட்டந்துள்ளலைப் படைத்த குஞ்சன் நம்பியாரின் கலக்கத்து வீடு காக்கப்பட்டு, அங்கே துள்ளல் கற்றுத் தரப்படுகிறது. அங்கேயும் ஒரு பெரும் பெயர் துணை நிற்கிறது. என் பாட்டியின் வீட்டுக்கு அப்படிப்பட்ட பெயர் ஏதுமில்லை. கல்பாத்தியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பெரும்பாலானவை அத்தகையவையே.

பெயரில்லாத வீடுகளுக்கு வேறு வழிகளையும் நம் நாட்டில் முயன்றிருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரத்தைப் பலர் பார்த்திருக்கலாம். இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, கல் கல்லாகவும் மரம் மரமாகவும் பிரித்து, கொண்டுவந்து மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு எல்லாம் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. குயவரும் நெசவாளரும் வேலை செய்கிறார்கள். வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்குகிறார்கள். அரிய பணி. ஆயினும் வீடு வந்ததே தவிர, தெரு வரவில்லை, வர இயலாது. ஒரு சுவருக்கு இரண்டு எஜமானர்கள் இருக்கும் கல்பாத்தி வீட்டைப் பெயர்த்தெடுத்தால் மற்ற எஜமானர் என்ன செய்வார்?

அங்கிருந்து சென்னையை நோக்கி வரும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமம். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) முன்னின்று 1966-ல் தொடங்கியது. அவர்கள் பழைய வீட்டைப் பிடிக்கவில்லை. வெறும் மணலில் புதிதாகக் குடியேறினார்கள். எனினும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஓவியம் அன்று விலை போகாத காலம். பத்திக் துணி முதலிய கைவேலைகளைச் செய்து விற்று, அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். முதலில் வயிற்றுக்கு வழி, பிறகு கூரைக்கு வழி! கலைக்கூடம் என்று பலகை மாட்டி, திறப்பு விழா நடத்தி, மறு ஆண்டில் மின் கட்டணம் கட்ட ஆளில்லாமல் மூடிய இடங்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

ஜப்பானில் நடந்ததைக் கேட்டால் நம் மாணவ நண்பர்களுக்கு உற்சாகம் பிறக்கும். அங்கும் இளைஞர் நகரங்களுக்குப் போய்விட, கிராமத்து வீடுகள் காலியாயின. நீகாத்தா மாநிலத்து எச்சிகோ–துமாரி மலைக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு முதல், மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று வைத்து, கலைவிழா நடத்தி வருகிறார்கள். காலி வீடுகளும் மூடப்பட்ட பள்ளிக்கூடங்களும் கலைஞர்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. நிஹோன் பல்கலைக்கழகத்துச் சிற்ப மாணவர்கள் தங்கள் ஆசிரியரோடு ஒரு பழைய வீட்டுக்குள் புகுந்து, உளியும் கையுமாகத் தரை, சுவர், தூண், உத்தரம் என்று ஓரிடம் விடாமல் செதுக்கித் தீர்த்தார்கள். 2006-ல் அது ‘சட்டை உரிக்கும் வீடு’ என்ற பொருள்படும் பெயரோடு திறக்கப்பட்டது. புகையேறிக் கறுத்த மரத்தின் அடியில் வெள்ளை மரம் வரி வரியாகத் தெரியும். நாவோஷிமாத் தீவிலோ 1998-ல், சுமார் இருநூறாண்டுப் பழைய வீடொன்றின் தரையில் நீர் நிரப்பி, ஓவியர் மியாஜிமா 125 மின் எண்களை அதில் மினுங்க விட்டார். ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்தவர் அவர் அல்லர். ஐந்து வயதுக் குழந்தை முதல் தொண்ணூற்றைந்து வயதுக் கிழவர் வரை அத்தீவினர் 125 பேர் ஆளுக்கொன்றாக முடிவு செய்தார்கள். அவ்வீட்டுக்கு அன்று முதல் 125 காவலர்கள் என்று சொல்லலாம். வெளியிலிருந்து வந்த கலைஞன் ஊராரைப் பார்வையாளராக மட்டும் வைத்திருந்தால் அந்தக் காவல் கிடைத்திராது.

கல்பாத்தி வீட்டுக்கு வருவோம். அங்கே எந்தக் கலை? நான் யோசிக்கத் தேவையில்லாதபடி ஊரே பதில் சொல்லி வைத்திருக்கிறது. செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், கே. வி. நாராயணசுவாமி, எம். டி. இராமநாதன் என்று பாலக்காட்டு மண் தந்த பெயர்கள் போதும். தேரையொட்டிச் சாத்தபுரத்தில் சங்கீத விழா நடக்கிறது. பெரிய பந்தல், பெரிய ஒலிபெருக்கி. விழா முடிந்தபின் பத்துப் பேர் உட்கார்ந்து சாதகம் செய்யவோ, நாற்பது பேர் உட்கார்ந்து ஒலிபெருக்கியில்லாமல் கேட்கவோ சின்ன இடம்? கூடம் இருக்கிறதே!

இங்கே என் சாஸ்திரத்துக்குச் சிறிது இடம் கொடுக்க வேண்டுகிறேன். ஒரு மண்டபத்தில் எழுப்பிய ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்பதே அதன் நாதத்தை நிர்ணயிக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சு புரியாத ஒரு வகுப்பறையைத் திருத்தும் பொறுப்பு 1895-ல் வாலஸ் சாபின் என்ற இளம் பௌதிக ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் இரவு இரவாக இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, ஒரு சூத்திரம் கண்டார். அறையின் கன அளவை மீட்டரில் எடுத்து, 0.16-ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பால் வகுக்க வேண்டும். விழுங்கும் பரப்பை அவர் எதனால் அளந்தார் தெரியுமா? திறந்த ஜன்னலால். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராதல்லவா? எங்கள் வீட்டு முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்த ஜன்னலேதான்!

கூடத்தை நாடாவால் அளந்தேன். முற்றத்தையும் சேர்த்து நீளம் 8 மீட்டர், அகலம் 6, உயரம் சராசரி 3.5, கன அளவு 168. முற்றத்தின் திறப்பு 5 சதுர மீட்டர். காரைச் சுவரும் தரையும் மரமும் விழுங்குவது மிகக் குறைவு. நூற்றுக்கு ஐந்து என்று கொண்டால் ஒன்பதரைச் சதுர மீட்டருக்குச் சமம். ஆளில்லாத கூடத்தில் ஒலி அடங்க ஏறத்தாழ 1.9 வினாடி ஆகிறது. வேகமான சொற்கட்டுகள் ஒன்றன்மேலொன்று ஏறிக் குழம்பிப் போகும். நாற்பது பேர் உட்காரட்டும், ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் விழுங்குவார்கள். நேரம் 0.8 வினாடிக்கு இறங்கிவிடுகிறது. குரலுக்கு ஊட்டமும் மிருதங்கத்துக்குத் தெளிவும் ஒருங்கே கிடைக்கும் அளவு இது. சூத்திரம் தோராயமானது, என் நாடாவும் பழையது. ஆனாலும் கணக்கைப் போட்டு முடித்தபோது மாமி சொன்ன அடுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

மிருதங்கம் என்றதும் சொல்லவேண்டிய மற்றொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த யோசனையை முன்வைப்பது நேர்மையாகாது.

தஸ்ராக்கைத் தாண்டிப் போனால் வரும் பெருவெம்பில் மிருதங்கம், செண்டை, மத்தளம் முதலிய தோல் வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குடும்பங்கள் உள்ளன. பலாக் கட்டையைக் குடைந்து, பசு, ஆடு, எருமைத் தோல்களைப் பதப்படுத்தி, வார் பிடித்து, நடுவிலே கருஞ்சாந்தை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது அவர்கள் வேலை. தோல் வாத்தியமொன்று சுருதியோடு சேர்ந்த நாதம் தருவது அந்தக் கருஞ்சாந்தின் விந்தை என்பதைச் சி. வி. இராமன் 1920-லேயே உலக விஞ்ஞானிகளுக்கு எடுத்துக் காட்டினார். மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் தஞ்சாவூர்ப் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்தன. ஆனால் வாசித்தவர் மேடையில், செய்தவர் தெருக்கோடியில். இதுதான் நெடுங்காலம் நம் வழக்கம்.

கல்பாத்தித் தெருவுக்கு இதிலே தனிக் கணக்கும் உண்டு. பொதுச் சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று சென்னை மாகாண அரசு அறிவித்த காலத்தில், 1924-ஆம் ஆண்டுத் தேரின்போது, இத்தெருவில் நடக்க வந்த ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு. எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒருநாளும் யாரும் பேசியதில்லை. நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் திண்ணையில்தான் நான் விடுமுறை நாட்களில் கோலி விளையாடினேன். அந்த நாளில் எங்கள் திண்ணையிலிருந்து யார் வேடிக்கை பார்த்தார்களோ, யார் இறங்கி ஓடினார்களோ!

ஆதலால் ‘பொது இடம்’ என்ற சொல்லை அங்கே எழுதிப் போடும்போது அதன் முழுப் பொருளோடு போட வேண்டும். பாரம்பரியம் என்ற பெயரால் நாலு பேர் மட்டும் கூடிப் பாடும் இடமாக அது ஆகுமானால், கைமரம் உளுத்துப் போவதே மேல் என்பது என் கருத்து. என் யோசனையில் முன் திண்ணை வாத்தியம் செய்கிறவருக்கு உரியது. வாரத்தில் இரண்டு நாள் அவர் அங்கே அமர்ந்து தோல் மாற்றலாம், சாந்து ஏற்றலாம். கூலியை அவரே நிர்ணயிக்கலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் திண்ணையைக் கடந்துதான் கூடத்துக்குள் போகவேண்டும். வாசிக்கும் கருவி எப்படி உருவாகிறது என்பதை அவர்கள் தினம் பார்ப்பார்கள். மச்சில் ஓர் அறை வெளியூரிலிருந்து வரும் பாடகருக்கோ ஓவியருக்கோ. ஒரு மாதம் தங்கலாம். அடுக்களை கட்டாயம் எரிய வேண்டும். என்ன சமைப்பது என்பதில் குடும்பத்தில் இப்போதே சண்டை. அதை இங்கே விவரிக்கவில்லை.

குடும்பம் என்றதும் பெரியப்பா நினைவு வருகிறது. வீட்டுக்கு ஐந்து பங்கு; கையெழுத்துப் போட வேண்டியவர் பதினொரு பேர்; இருப்பது நான்கு நாடுகளில். “கலை கலை என்கிறாயே, வரியை யார் கட்டுவது? சாவியை யார் வைத்துக்கொள்வது? பத்து வருஷம் கழித்து அவர்கள் காலி பண்ண மாட்டேன் என்றால் நீ வந்து நிற்பாயா?” என்று பெரியப்பா கேட்டார். வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். பெரியப்பாவுக்கு அந்தப் பணத்துக்கு உண்மையான தேவையும் இருக்கிறது. அவர் சொல்வதில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கேள்விகளுக்கு விடை தேடியதில் தெரிந்துகொண்டவை இரண்டு. முதலாவது, வீட்டைத் தானம் செய்யவோ விற்கவோ வேண்டியதில்லை, குத்தகைக்கு விடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவான பத்திரத்தில் காலம், பழுதுபார்க்கும் கடமை, வரி கட்டும் கடமை, இடிக்கவோ சிமெண்டு பூசவோ கூடாதென்ற நிபந்தனை எல்லாவற்றையும் எழுதலாம். வாய்ப்பேச்சாக விட்டால்தான் பெரியப்பாவின் பயம் நிஜமாகும். இரண்டாவது, குத்தகை எடுப்பவர் தனி மனிதராக இல்லாமல் ஒரு சங்கமாக இருப்பது நலம். பாலக்காடு பழைய மலபாரைச் சேர்ந்ததாதலால் அங்கே 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமே நடப்பில் உள்ளது. அதற்கு ஏழு பேர் போதும். அந்த ஏழு பேரில் வெளிநாட்டில் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறவர் இரண்டு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது நான் சேர்க்க விரும்பும் விதி. சொட்டு விழும்போது பாத்திரம் வைக்க அவர்களால் முடியாதல்லவா?

இதுவரையில் நான்கு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன: பெருவெம்பில் வாத்தியம் செய்யும் ஒருவர், இசைக் கல்லூரியில் பயிலும் ஒரு மாணவி, கைமரங்களைக் குத்திப் பார்த்த ஆசாரி, எதிர்வீட்டு மாமி. மாமி தன் பெயரைச் சேர்க்கும்போது ஒரு நிபந்தனை போட்டாள்: விடியற்காலை ஐந்து மணிக்குமுன் செண்டை கூடாது. பெரியப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. விலைக்குக் கேட்டவருக்கு வரும் தேர் வரையில் பதில் சொல்வதில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினொரு கைமரங்களையும் மாற்ற, துலாமழை விட்டதும் ஓடு இறக்கவேண்டும் என்று ஆசாரி நாள் குறித்திருக்கிறார். தேருக்கு ஊர்ப்பக்கம் வரும் சங்க நண்பர்கள், ஓடு இறக்கவும் எண்ணி அடுக்கவும் இரண்டு நாள் ஒதுக்கினால் பெரிய உதவியாயிருக்கும். மங்களூரில் 1865-ல் முதன்முதலாகச் சூளையிட்ட வகையைச் சேர்ந்த தட்டோடுகள் அவை. ஒன்று இரண்டரைக் கிலோ இருக்கும். கையுறை கொண்டு வாருங்கள். சாவி மாமியிடம் இருக்கிறது.